கண்ணளவு போதாது

குழந்தை அழுத அடுத்த நொடி பிரசவ அறையில் எல்லோர் முகமும் அந்தப் பக்கம் திரும்பிவிடும். ஆயாம்மா துணியை விரிப்பார், சிஸ்டர் எடை பார்ப்பார், கதவுக்கு வெளியே நிற்கும் அப்பத்தா "என்ன குழந்தைங்க?" என்று இரண்டாம் முறை கேட்பார். பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: அந்த நேரத்தில் யாராவது ஒருவர் குழந்தையைப் பார்க்காமல் இருக்க வேண்டும். அவருடைய கண் தாயின் மேலும், ஒரு கை அவள் வயிற்றின் மேலும் இருக்க வேண்டும்.

நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு 500 முதல் 700 மில்லி ரத்தம் போகிறது. நஞ்சு பிரிந்ததும் அது ஒட்டியிருந்த இடத்தில் அத்தனை ரத்தக்குழாய்களும் வாய் திறந்து நிற்கும். கர்ப்பப்பைச் சதையின் இழைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓட, குழாய்கள் அவற்றின் நடுவே புகுந்து வருகின்றன. சதை இறுகும்போது, சுருக்குப்பையின் கயிற்றை இழுத்ததுபோல எல்லா வாயும் ஒருசேர மூடிக்கொள்ளும். இத்தனை வருடம் பார்த்தும் எனக்கு இதில் வியப்பு தீரவில்லை. பெரும்பாலான பெண்களுக்கு இது தானாகவே நடந்துவிடுகிறது. சதை அடியோடு தளர்ந்துபோனவளுக்கு, சில நிமிடம் யாரும் கவனிக்காவிட்டால், உடம்பில் ஓடும் ரத்தத்தில் பாதி வரை போய்விடலாம்.

பழனியைச் சுற்றியுள்ள ஊர்களில் பிரசவம் பார்க்கும் எங்களுக்கு இந்தச் சில நிமிடங்கள்தான் தொழிலின் நடுநாயகம். சிசேரியன் கத்தி பிடிப்பதைக் கற்றுக்கொடுத்துவிடலாம். ரத்தம் போவதை நேரத்தில் உணர்வதைக் கற்றுக்கொடுப்பது கடினம். காரணம், அது ஆரம்பத்தில் யாருக்கும் ஆபத்தாகத் தெரியாது. கட்டிலுக்கு அடியில் ஒரு துணி, அதன் மேல் இன்னொரு துணி, பனிக்குட நீரோடு கலந்த ரத்தம், பக்கெட்டில் கொஞ்சம், தரையில் கொஞ்சம். எவ்வளவு போயிருக்கும் என்று கேட்டால் யாரும் "சாதாரணமா போறதுதான்" என்பார்கள். அனுபவம் கூடக்கூடக் கண்ணளவு சரியாகிவிடும் என்பது எங்கள் தொழிலில் பரவலான நம்பிக்கை. அது உண்மையில்லை. ரத்தம் அதிகமாகப் போகப்போகக் கண்ணின் கணக்கு குறைத்தே சொல்கிறது. பெரிய பேராசிரியரின் கண்ணும் அப்படித்தான்.

இதற்கு மாற்று நம் பக்கத்து மாநிலத்திலேயே உருவானது. கர்நாடகத்தின் பெல்காமில், கிராமத்துப் பிரசவங்களில் மிசோபிராஸ்டால் மாத்திரை பயன்படுமா என்று ஆராய்ந்தவர்கள், ரத்தத்தைச் சரியாக அளக்க ஒரு பிளாஸ்டிக் விரிப்பைச் செய்தார்கள். தாயின் இடுப்புக்கு அடியில் விரித்து, இடுப்பைச் சுற்றிக் கட்டிவிடலாம். கீழே தொங்கும் பகுதி புனல்போலக் குறுகி, அதில் மில்லிக் கோடுகள் அச்சிடப்பட்டிருக்கும். 2006-ல் வெளிவந்த அந்த ஆய்வில், மாத்திரை கொடுத்த பெண்களிடம் அதிக ரத்தப்போக்கு 12 சதவீதத்திலிருந்து 6.4 சதவீதமாகக் குறைந்திருந்தது. உலகம் மாத்திரையைக் கொண்டாடியது. எனக்கு அந்த விரிப்பின் மேல்தான் அதிக மரியாதை.

அந்த மரியாதைக்கு 2023-ல் வலுவான சான்று கிடைத்தது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளில் 80 மருத்துவமனைகள், இரண்டு லட்சத்துக்கும் அதிகமான பிரசவங்கள். பாதி மருத்துவமனைகளில் கோடு போட்ட விரிப்பும், ரத்தம் அதிகமானதும் எல்லாச் சிகிச்சையையும் ஒன்றாகத் தொடங்கும் முறையும். மீதிப் பாதியில் வழக்கமான கவனிப்பு. வழக்கமான இடங்களில், அதிகமாக ரத்தம் போனவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் கண்டுபிடிக்கப்பட்டார்கள். விரிப்பு இருந்த இடங்களில் 93 சதவீதம். கடுமையான ரத்தப்போக்கு 60 சதவீதம் குறைந்தது. அதில் புதிய மருந்து ஒன்றுகூடக் கிடையாது. எல்லா லேபர் வார்டு அலமாரியிலும் ஏற்கெனவே இருப்பவைதான்.

இதையெல்லாம் பார்த்துத்தான் 2025 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் தன் எல்லையைத் தள்ளி வைத்தது. 500 மில்லி வரும்வரை காத்திருக்க வேண்டாம். 300 மில்லியைத் தாண்டி, நாடித்துடிப்போ ரத்த அழுத்தமோ மாறியிருந்தால் அப்போதே தொடங்கு என்கிறது புதிய வழிகாட்டல். எங்கள் ஊர்ப் பெண்களைப் பார்த்தே எழுதியதுபோல இருக்கிறது. ஆயக்குடி கொய்யாத் தோப்பிலும் கீரனூர்ப் பக்கத்துக் காடுகளிலும் வேலை பார்த்துவிட்டு வரும் பெண்கள் பலர் நிறைமாதத்திலேயே ஐம்பது கிலோவைத் தொடுவதில்லை. ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தசோகை. ஏழு கிராம் ஹீமோகுளோபினோடு வருபவளுக்கு 500 மில்லி என்பது புத்தகத்தில் உள்ள 500 மில்லியாக இருக்க முடியாது.

விரிப்பு சொல்லாததை நாடி சொல்லும். இளம் பெண்களின் உடம்பு ரத்த அழுத்தத்தைக் கடைசிவரை தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். பிரஷர் 110 இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்களை நான் நாடியை எண்ணச் சொல்வேன். நாடி மேல் பிரஷரைத் தொட்டுவிட்டாலோ தாண்டிவிட்டாலோ, திரை என்ன காட்டினாலும் அவள் அதிர்ச்சி நிலைக்குள் போய்க்கொண்டிருக்கிறாள். இன்னும் சில அடையாளங்கள் எந்தக் கருவியிலும் வராது. அடிக்கடி கொட்டாவி. "தாகமா இருக்குங்க டாக்டரம்மா." கையை இங்கும் அங்கும் போட்டுக்கொண்டு நிலைகொள்ளாமல் புரளுவது. கூட இருக்கும் மாமியார், "பாவம், வலி எடுத்த அசதி, தூங்கட்டும்" என்பார். தூங்க விடக் கூடாது. "கண்ணு, உன் பேர் சொல்லு, எந்த ஊரு?" என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

ரத்தம் அதிகம் என்று தெரிந்ததும் ஒருவர் சத்தமாக ஆள் கூப்பிட வேண்டும். அந்தச் சத்தத்தில் கூச்சம் கூடாது. ஒருவர் வயிற்றின் மேல் கர்ப்பப்பையைப் பிடித்து அழுத்தித் தேய்ப்பார். ஒருவர் இரண்டு கைகளிலும் பெரிய ஊசி போட்டு ட்ரிப்பைத் திறப்பார், முதல் சிரிஞ்சில் குரூப்புக்கும் கிராஸ்மேட்சுக்கும் ரத்தம் எடுத்துவிட்டு. ஒருவர் சிறுநீர்ப்பையைக் காலி செய்வார், நிரம்பிய சிறுநீர்ப்பை கர்ப்பப்பையை இறுக விடாது. ஒருவர் எதையும் தொடாமல் மணியைப் பார்த்து எழுதிக்கொண்டே இருப்பார். இந்தக் கடைசி ஆளைத்தான் எல்லோரும் தேவையில்லை என்று நினைக்கிறார்கள். அவர் "பத்து நிமிஷம் ஆச்சுங்க மேடம்" என்று சொல்லாவிட்டால், எங்களுக்கு அது இரண்டு நிமிடமாகத்தான் தோன்றும்.

மருந்துகளில் முதலாவது ஆக்ஸிடோசின். இரண்டு முதல் எட்டு டிகிரிக் குளிரில் இருக்க வேண்டிய மருந்து. சித்திரை வெயிலில் டிரேயில் கிடந்த ஆம்பூலைப் போட்டுவிட்டு, மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்லக் கூடாது. பிரிட்ஜ் கதவில் வெப்பநிலை எழுதும் தாளை நான் தினமும் பார்க்கிறேன். அதைக் குமாஸ்தா வேலை என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். மெத்தர்ஜின் ரத்த அழுத்தம் உள்ளவளுக்குக் கூடாது, கார்போபிராஸ்ட் ஆஸ்துமா உள்ளவளுக்குக் கூடாது. இந்த இரண்டு கேள்விகளையும் வலி எடுத்து வந்து சேரும்போதே கேட்டுக் கேஸ் ஷீட்டின் மேலே சிவப்பு மையில் எழுதி வைத்துவிட்டால், அவசரத்தில் யோசிக்க வேண்டியதில்லை.

டிரானக்ஸாமிக் அமிலத்தைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் ஜப்பானிய மருத்துவர் உடாகோ ஒகமோட்டோ நினைவுக்கு வருகிறார். கணவர் ஷோசுகேயோடு சேர்ந்து 1962-ல் அந்த மருந்தைக் கண்டுபிடித்தார். பிரசவத்தில் இறக்கும் பெண்களைக் காப்பாற்ற வேண்டும் என்பதுதான் அவர் தேடலின் நோக்கம். ஆனால் அதை அந்தப் பெண்களிடம் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு அப்போது அவருக்குக் கிடைக்கவில்லை. மருந்து பல் பிடுங்கும் இடத்துக்கும் மாதவிடாய்ப் பிரச்சினைக்கும் போயிற்று. அரை நூற்றாண்டு கழித்து, 21 நாடுகளில் இருபதாயிரம் தாய்மார்களிடம் ஆய்வு நடந்தது. 2017-ல் முடிவு வந்தபோது, மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் ரத்தப்போக்கு மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று தெரிந்தது. ஒகமோட்டோ அதற்கு முந்தைய ஆண்டு 98 வயதில் இறந்துவிட்டார். ஒரு கிராம், பத்து நிமிடத்தில் மெதுவாக நரம்பில். தாமதிக்கும் ஒவ்வொரு பதினைந்து நிமிடத்துக்கும் பலன் பத்து சதவீதம் குறைகிறது. மற்ற மருந்துகள் தோற்ற பிறகு கொடுப்போம் என்று இதை ஒதுக்கி வைக்கும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. அந்தப் பழக்கத்தோடு எனக்குச் சமாதானம் கிடையாது.

மருந்து வேலை செய்யும்வரை கைதான் மருந்து. வலது கையை முஷ்டியாக்கி உள்ளே செலுத்தி, கர்ப்பப்பையின் முன்பக்கத்தில் வைத்து மேல்நோக்கி அழுத்த வேண்டும். இடது கை வயிற்றின் மேலிருந்து கர்ப்பப்பையின் பின்பக்கத்தை வளைத்துப் பிடித்து முன்னால் கொண்டுவரும். இரண்டு கைகளுக்கும் நடுவே அந்தத் தளர்ந்த சதை. முதலில் அங்கே ஒன்றுமே இல்லாததுபோல இருக்கும், விரல் எதிலும் பதியாது. முன்கை மரத்துப்போகும், தோளில் வலி ஏறும், அப்போதும் விடக் கூடாது; கை மாற்ற ஆள் தயாராக நிற்க வேண்டும். பிறகு ஒரு கணத்தில், அழுத்தும் கைக்கு எதிராக உள்ளிருந்து ஓர் இறுக்கம் கிளம்பும். அதைச் சொல்லில் கொண்டுவருவது கடினம். தொட்டவர்களுக்கு மறக்காது. அது தொடங்கியதும் கையை எடுத்துவிட்டால் மீண்டும் தளரும். இறுகிய பிறகும் பொறுமையாகப் பிடித்திருக்க வேண்டும்.

கர்ப்பப்பை நன்றாக இறுகியிருந்தும் ரத்தம் நிற்கவில்லையென்றால் பார்வையை மாற்ற வேண்டும். கர்ப்பப்பை வாயில் கிழிசல், உள்ளே தங்கிய நஞ்சுத் துணுக்கு, உறையாத ரத்தம். கடைசியதைக் கண்டுபிடிக்கப் பெரிய லேப் வேண்டியதில்லை. சுத்தமான கண்ணாடிக் குழாயில் ஐந்து மில்லி ரத்தத்தை எடுத்து, உள்ளங்கையில் மூடி வைத்துக்கொள்வேன். உடம்புச் சூடு அதற்குப் போதும். ஏழு நிமிடம் கழித்து மெல்லச் சாய்த்துப் பார்ப்பேன். கட்டி உருவாகி, சாய்த்தாலும் நகராமல் நின்றால் நிம்மதி. தண்ணீராக ஓடினாலோ, உறைந்த கட்டி லேசாக ஆட்டியதும் உடைந்துபோனாலோ, இனி உறைபொருள் உள்ள பிளாஸ்மா வேண்டும் என்று அர்த்தம். இரவு இரண்டு மணிக்கு லேப் ரிப்போர்ட் வருவதற்குள் அந்தக் குழாய் பதில் சொல்லிவிடும்.

அடுத்த படிகளுக்கு நம் பகுதி மருத்துவர்கள் நிறையக் கொடுத்திருக்கிறார்கள். வங்கதேசத்தின் சாயிபா அக்தர், ரப்பர் வடிகுழாயின் நுனியில் ஆணுறையைக் கட்டி, உள்ளே வைத்து உப்புநீரால் நிரப்பிக் கர்ப்பப்பைச் சுவரை அழுத்தும் முறையை 2003-ல் வெளியிட்டார். விலை உயர்ந்த வெளிநாட்டுப் பலூன் செய்யும் வேலையைச் சில ரூபாயில் செய்கிறது. கேரளத்தின் வாசுதேவ பணிக்கர் நேர்மாறாக யோசித்தார்: உள்ளிருந்து தள்ளுவதற்குப் பதில், உறிஞ்சுகுழாயால் சுவர்களை உள்நோக்கி இழுத்துச் சேர்த்துவிட்டால்? கர்ப்பப்பை இயற்கையாகச் சுருங்கும் திசையும் அதுதான் என்பதால் எனக்கு இந்த யோசனை மிகவும் பிடிக்கும். வயிற்றைத் திறந்த பிறகு என்றால், சியரா லியோனில் பிறந்து இங்கிலாந்தில் பணியாற்றிய கிறிஸ்டோபர் பி-லிஞ்ச் 1997-ல் விவரித்த தையல் இருக்கிறது. கர்ப்பப்பையின் மேல் இரண்டு தோள்பட்டைகளிலும் வார் மாட்டி இறுக்கிக் கட்டுவது.

இவை எல்லாம் எங்கே முடியும், எங்கே முடியாது என்பதில்தான் ஊரின் பூகோளம் வருகிறது. பழனியிலிருந்து திண்டுக்கல் சுமார் 60 கிலோமீட்டர். மதுரையும் கோவையும் நூறு கிலோமீட்டருக்கு மேல். திண்டுக்கல்லில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கியது எங்களுக்குப் பெரிய பலம். வழியில் ஒட்டன்சத்திரத்தில் டாக்டர் ஏ.கே. தரியன் 1955-ல் தொடங்கிய கிறிஸ்டியன் ஃபெல்லோஷிப் ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனால் தைப்பூசத்துக்கு முந்தைய நாட்களில் திண்டுக்கல் சாலை முழுவதும் பாதயாத்திரைக் கூட்டம். பங்குனி உத்திரத்தில் கொங்கு நாட்டுக் காவடிகள் வடக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்து சேரும். பக்தர்கள் 108 ஆம்புலன்சுக்கு வழிவிடுவார்கள், அதில் குறையே சொல்ல முடியாது. என்றாலும் நேரம் கூடத்தான் செய்யும். அதனால் அந்த வாரங்களில் நாள் நெருங்கிய ஆபத்துக் கர்ப்பிணிகளின் பட்டியலை முன்கூட்டியே எடுத்து, சிலரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே போய்த் தங்கச் சொல்லிவிடுவது நல்லது. கொடைக்கானல் மலைக்கிராமங்களிலிருந்து வருபவர்களுக்கு எந்த மாதத்திலும் இதே விதிதான்.

அனுப்புவதும் சிகிச்சைதான், அதையும் கையோடு செய்ய வேண்டும். பலூனை வைத்து, ட்ரிப் ஓட, வயிற்றில் கை வைத்தபடி ஒரு சிஸ்டரோடு அனுப்ப வேண்டும். காற்றில்லா அழுத்த உடை என்று ஒன்று இருக்கிறது. நீச்சல் உடைத் துணியில் செய்த, ஒட்டுப்பட்டை வைத்த உடுப்பு. கணுக்காலில் தொடங்கி மேலே மேலே இறுக்கிக் கட்டினால், காலில் இருக்கும் ரத்தம் இதயத்துக்கும் மூளைக்கும் போய்ச் சேரும். கட்டுவதைவிட அவிழ்ப்பதில்தான் எச்சரிக்கை வேண்டும். போய்ச் சேர்ந்த இடத்தில் தெரியாத ஒருவர், பரிசோதிக்க வசதியாக ஒரே இழுவையில் அவிழ்த்துவிட்டால் பிரஷர் சரிந்துவிடும். ரத்தம் நின்று, நிலை சீரான பிறகு, கணுக்காலிலிருந்து ஒவ்வொரு பட்டையாக, நடுவில் பதினைந்து நிமிடம் பொறுத்து அவிழ்க்க வேண்டும். கூடப் போகும் சிஸ்டரிடம் இதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லச் சொல்லிவிட்டுத்தான் கதவைச் சாத்துவேன்.

அபூர்வமான சிக்கல்களில் இப்போது அபூர்வம் என்ற பட்டத்தை இழந்துகொண்டிருப்பது, நஞ்சு கர்ப்பப்பைச் சதைக்குள் வேர்விடுவது. பழைய சிசேரியன் தழும்பின் மேல் நஞ்சு உட்கார்ந்தால் இது வருகிறது. ஐந்தாவது கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். நஞ்சு கீழிறங்கி இருப்பவர்களில், இரண்டாவது சிசேரியனுக்கு வருபவளுக்கு இந்த ஆபத்து 11 சதவீதம் என்றும், மூன்றாவதுக்கு வருபவளுக்கு 40 சதவீதம் என்றும் ஓர் அமெரிக்க ஆய்வு 2006-ல் காட்டியது. ஒவ்வொரு முதல் சிசேரியனும் அடுத்த கர்ப்பத்துக்கு ஒரு கணக்கை எழுதி வைத்துவிட்டுப் போகிறது. இதை நான் மேடையிலும் சொல்கிறேன், வார்டிலும் சொல்கிறேன்.

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை பார்த்துவிட்டு, பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வரும் பெண்கள் எங்களிடம் அதிகம். ஸ்கேன் அங்கே ஓரிடத்தில், பழைய ஆபரேஷன் சீட்டு இன்னோரிடத்தில், கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அந்தக் கவரைக் கொட்டி எல்லாத் தாளையும் படிப்பது அறுவை சிகிச்சைக்குச் சமமான வேலை. பழைய தழும்பும் கீழிறங்கிய நஞ்சும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தால், பிரசவம் பழனியில் நடக்கக் கூடாது. ரத்தமும் மயக்க மருந்து நிபுணரும் சிறுநீரக அறுவை நிபுணரும் பக்கத்திலேயே உள்ள இடத்தில், பகல் வெளிச்சத்தில், நாள் குறித்து நடக்க வேண்டும். திறந்த பிறகு தெரியவந்தால், நஞ்சை இழுத்துப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். கேரளத்தின் டாக்டர் வி.பி. பைலி இத்தகைய அறுவைகளுக்காகப் பெருந்தமனியைத் தற்காலிகமாகப் பிடிக்கும் ஒரு கிடுக்கியையே வடிவமைத்திருக்கிறார்.

மற்றவை இன்னும் அரிது. ஆனால் வந்தால் முன்னறிவிப்பு இருக்காது. கர்ப்பப்பை உள்புறம் வெளியாகப் புரண்டு வந்துவிட்டால், போன ரத்தத்துக்குச் சற்றும் பொருந்தாத அதிர்ச்சி நிலை வரும். நஞ்சு ஒட்டியிருந்தால் அதைப் பிரிக்காமல், அப்படியே, அப்போதே உள்ளங்கையால் ஏந்தி உள்ளே தள்ளிவிட வேண்டும். சில நிமிடம் போனால் கர்ப்பப்பை வாய் இறுகி வழி அடைத்துக்கொள்ளும். பனிக்குட நீர் தாயின் ரத்தத்தில் கலந்தால், "மூச்சு முட்டுதுங்க" என்ற ஒரு வார்த்தைக்குப் பிறகு நாடி காணாமல் போகலாம். மீட்டுக் கொண்டுவந்த பிறகு ரத்தம் உறையாமல் ஓடத் தொடங்கும். பாம்பே குரூப் என்ற ரத்தவகையும் உண்டு. மும்பையில் டாக்டர் பெண்டே 1952-ல் விவரித்தது. சாதாரணப் பரிசோதனையில் ஓ குரூப் என்றே காட்டும். ஆனால் எந்த ஓ ரத்தமும் சேராது. கிராஸ்மேட்ச் ஏன் ஒத்துப்போகவில்லை என்று ரத்த வங்கி டெக்னீஷியன் போனில் தயங்கினால், அந்தத் தயக்கத்தைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

கர்ப்பப்பையை எடுக்கும் முடிவு பற்றியும் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு, முதல் குழந்தையோடு, அதைச் செய்ய எந்தக் கையும் தயங்கும். வெளியே வந்து, "தம்பி, ரத்தம் நிக்கல. கர்ப்பப்பையை எடுத்தாத்தான் உங்க சம்சாரம் பொழைக்கும்" என்று சொல்லும்போது, அந்தப் பையன் என் முகத்தைப் பார்க்காமல் அம்மாவின் முகத்தைப் பார்ப்பான். பெரும்பாலும் அந்த அம்மாதான், "உசுரு இருந்தாப் போதுங்க, எடுத்துடுங்க" என்று சொல்வார். இன்னொரு மூத்த மருத்துவரைக் கூப்பிட்டு இருவர் சேர்ந்து முடிவெடுப்பது நல்லது. ஆனால் அந்த அழைப்பு சீக்கிரம் போக வேண்டும். உறையும் சக்தியெல்லாம் தீர்ந்த பிறகு எடுக்கப்படும் கர்ப்பப்பை யாரையும் காப்பாற்றுவதில்லை.

தமிழ்நாட்டில் 2018–20 காலத்தில் உயிரோடு பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 54 தாய்மார்கள் இறந்தார்கள். இந்தியா முழுதும் 97. ஒவ்வொரு தாய் மரணத்தையும் ஆள் ஆளாக விசாரித்து, மாவட்ட ஆட்சியர் வரை கொண்டுபோகும் தணிக்கைக்கு இந்த இடைவெளியில் பங்குண்டு என்று நம்புகிறேன். ஆனால் சாவின் விளிம்பிலிருந்து திரும்பியவர்களைப் பற்றி அதே அக்கறையோடு நாம் உட்கார்ந்து பேசுவதில்லை. அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள், கேட்டால் சொல்வார்கள்: எப்போது கண் இருட்டியது, யாரிடம் சொன்னார்கள், யார் கேட்டார்கள்.

அவர்களை வீட்டுக்கு அனுப்பும்போது நான் பார்க்கும் ஒன்று பால் சுரப்பு. அதிக ரத்தம் இழந்த சிலருக்கு மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி சேதமாகிவிடும். பால் சுரக்காது; மாதங்கள் கழித்தும் மாதவிலக்கு திரும்பாது; எப்போதும் அசதி, குளிர். வீட்டில், "பால் இல்லாத உடம்பு", "சோம்பேறி" என்று பேச்சு வாங்கிக்கொண்டிருப்பாள். ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்து, தினமும் மாத்திரை கொடுத்தால் பழைய ஆளாகிவிடுவாள். அதனால் ஆறாவது வாரம் கட்டாயம் வரச் சொல்கிறேன், வராவிட்டால் கிராம சுகாதார செவிலியர் மூலம் தேடுகிறேன். டிஸ்சார்ஜ் அட்டையில், ஆங்கிலக் குறிப்புக்குக் கீழே, வீட்டில் யாரும் படிக்கும்படி தமிழிலும் எழுதிக் கொடுக்கிறேன்: எத்தனை மில்லி ரத்தம் போனது, எத்தனை பாட்டில் ஏற்றினோம், நஞ்சு எந்த இடத்தில் இருந்தது, கர்ப்பப்பையில் தையல் போட்டோமா, அடுத்து உண்டானால் எந்த மாதத்துக்குள் எந்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அட்டையைக் கணவரிடம் கொடுப்பதில்லை. அவள் கையில் கொடுத்து, ஒருமுறை உரக்கப் படிக்கச் சொல்கிறேன்.